மருத்துவப் படிப்பு தொடங்க மூன்று வாரம் இருக்கிறது: எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

புதுஇலை | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வகுப்பு தொடங்க இன்னும் மூன்று வாரம். எங்கள் குடும்பத்தில் மருத்துவம் படித்தவர் யாரும் இல்லை. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

அனாட்டமி புத்தகம் ஒன்றை வாங்கி இப்போதே படிக்க ஆரம்பித்துவிட்டேன். மேல்கை எலும்பு வரை வந்திருக்கிறேன். 206 எலும்புகளையும் வகுப்புக்கு முன்பே முடித்துவிட்டால் சுமை குறையும் என்று நினைக்கிறேன். சரிதானா? ரத்தத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் தலை சுற்றும். அதுவும் பயமாக இருக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

நடுவகுப்பு | ஞாயிறு, இரவு 9.45

வாழ்த்துகள் தம்பி. நான் மூன்றாம் ஆண்டு. முதலில் அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். இப்போது மனப்பாடம் செய்யும் ஹியூமரஸ், கையில் எடுத்துப் பார்க்கும்வரை வெறும் பெயர்ப் பட்டியல்தான். எலும்பைத் திருப்பிக் காட்டி, "இந்தப் பள்ளத்தில்தான் ரேடியல் நரம்பு ஓடுகிறது, இங்கே முறிந்தால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும்" என்று ஒருவர் சொன்னால் பத்து நிமிடத்தில் மனதில் நிற்கும்.

மாற்ற வேண்டியது படிக்கும் விதம். பள்ளியில் நாம் எல்லோரும் திரும்பத் திரும்பப் படித்தே மதிப்பெண் வாங்கினோம். இங்கே அது கைகொடுக்காது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு மூடி வைத்து, நினைவில் இருந்ததை மூன்று சுற்று எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களுக்கு 40 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. அந்த ஐந்து நிமிடத் தெளிவுதான் நம்மை ஏமாற்றுகிறது. படித்து முடித்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அடுத்த வாரம் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வாய் திறக்க வராது.

அதனால் இந்த மூன்று வாரத்தில் ஒன்றே ஒன்று பழகுங்கள். எதைப் படித்தாலும் மூடி வைத்துவிட்டு வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள். சமையல் குறிப்போ செய்தித்தாளோ எதுவானாலும் சரி. மற்ற நேரம் தூங்குங்கள், ஊர் சுற்றுங்கள்.

தாழைமடல் | ஞாயிறு, இரவு 10.30

பொது மருத்துவத்தில் பி.ஜி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நடுவகுப்பு சொன்னது சரி. அதில் அவசரமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

தம்பி, ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? சிறு வயதில் போட்டிருந்தால் அந்தச் சான்றைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே முதல் டோஸ் போடுங்கள். மூன்று டோஸும் முடிய ஆறு மாதம் ஆகும்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. முடிந்த பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு பாருங்கள். 10க்கு மேல் வந்தால் காப்பு இருக்கிறது என்று பொருள். சிலருக்கு மூன்று டோஸ் போட்டும் வராது. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி நம் கையில் குத்திய பிறகு அதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

ஊசி குத்தும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் காலத்தில் என்னோடு படித்தவர்களில் பலருக்கும் ஒரு தடவையாவது குத்தியிருக்கிறது. குத்தினால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது. உடனே பொறுப்பில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஊசி குத்துவதைவிட ஆபத்து, "திட்டுவார்களே" என்று இரண்டு நாள் மறைத்து வைப்பது. அப்படி மறைத்த ஒருத்தியை எனக்குத் தெரியும். நான்காவது நாள் அழுதுகொண்டே வந்தாள். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மருந்து தொடங்கும் நேரம் போயிருந்தது.

தலைசுற்றல் பற்றி: அறுவை அரங்கில் முதல் தடவை மயங்கி விழுபவர்கள் நிறைய. முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்காதீர்கள், கால் விரல்களை அசைத்துக்கொண்டே இருங்கள். சாப்பிடாமல் போகாதீர்கள். காது அடைக்கிற மாதிரி, கண் இருட்டுகிற மாதிரி இருந்தால் "எனக்கு மயக்கம் வருகிறது" என்று வாய்விட்டுச் சொல்லி, மேசையிலிருந்து பின்னால் நகர்ந்து தரையில் உட்கார்ந்துவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சொல்லாமல் அடக்கி நின்று நோயாளியின் மேல் விழுவதுதான் தவறு. மெல்ல மெல்லப் பழகிவிடும்.

புதுஇலை | ஞாயிறு, இரவு 10.52

ரொம்ப நன்றி அக்கா. தடுப்பூசி பற்றி எனக்கு யாருமே சொல்லவில்லை. நாளைக்கே விசாரிக்கிறேன். டிசெக்‌ஷன் ஹாலில், அதாவது இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் கூடத்தில், முதல் நாள் எப்படி இருக்கும்?

நடுவகுப்பு | திங்கள், காலை 6.20

முதலில் கண் எரியும், உடல் கெடாமல் இருக்கப் போடும் ஃபார்மலின்தான் காரணம். பத்து நிமிடத்தில் அது மறந்துபோகும். பலருக்கு முகத்தைவிடக் கையைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருக்கும். என் மேசையில் உடலாகக் கிடந்த ஒரு அம்மாவின் நகங்கள் ஒழுங்காக வெட்டியிருந்தன. யாரோ அவருக்கு வெட்டிவிட்டிருக்கிறார்கள் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் அந்த நினைப்பு குறைந்துவிடும். குறைந்துவிட்டதே என்று குற்ற உணர்வும் வரும். இரண்டும் இயல்பு. அங்கே படம் எடுக்காதீர்கள், கேலி பேசுபவர்களோடு சேராதீர்கள். அவ்வளவுதான்.

மழைக்கால் | திங்கள், மதியம் 1.15

நான் முதலாம் ஆண்டை இரண்டு தடவை படித்தவன். இப்போது இறுதி ஆண்டு. வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

பள்ளியில் பன்னிரண்டு வருடம் முதலிடத்தில் இருந்தேன். இங்கே வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருமே அப்படி வந்தவர்கள்தான். முதல் தேர்வு முடிவு வந்தபோது வகுப்பில் பாதிப் பேர் கீழ்ப்பாதியில் இருந்தோம். கணக்குப்படி வேறு எப்படியும் இருக்க முடியாது. ஆனால் எனக்கு அது கணக்காகத் தெரியவில்லை, நான் யார் என்பதே போய்விட்ட மாதிரி இருந்தது. தோற்றதை வீட்டில் சொல்லவில்லை. நண்பர்களிடம் "எப்போதும்போல்தான்" என்றேன். வகுப்பில் புரியாததைக் கேட்பதை நிறுத்தினேன், கேட்டால் எனக்கு எவ்வளவு தெரியாது என்று தெரிந்துவிடுமே. பிறகு வகுப்புக்கே போவதை நிறுத்தினேன். பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. ஐந்து மாதம் இப்படிப் போனது. ஒரு வருடம் போனது பாடம் கடினம் என்பதால் மட்டும் அல்ல, அந்த ஐந்து மாத மௌனத்தால்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். 2016இல் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். மருத்துவ மாணவர்களில் 27.2 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. நான்கில் ஒருவருக்கும் மேல். அப்படி இருந்தவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் 15.7 விழுக்காடு மட்டும். மற்றவர்களின் நோயைப் பார்க்கப் படிக்கிற கூட்டம் தன் நோயை இப்படி மறைக்கிறது. நானும் மறைத்தேன்.

தம்பி, வகுப்பு தொடங்கும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு பேச்சு பேசுங்கள். "முதல் வருடம் நான் சில தேர்வில் தோற்கலாம். தோற்றால் உங்களிடம் சொல்வேன். அப்போது திட்டாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். தோற்ற பிறகு அந்தப் பேச்சைத் தொடங்க முடியாது.

பழையகோட்டு | திங்கள், இரவு 8.40

நான் அறுவை மருத்துவன், முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எல்லோரும் அக்கறையோடுதான் எழுதுகிறீர்கள். ஆனால் பிள்ளையை ரொம்பப் பயமுறுத்துகிறோமோ என்று தோன்றுகிறது. நாங்கள் 36 மணி நேரம் தொடர்ந்து டியூட்டி பார்த்தோம். அந்த நீண்ட டியூட்டிதான் என்னை உருவாக்கியது. மாலையில் வயிற்று வலி என்று வந்தவர், இரவு பத்து மணிக்கு எப்படி இருந்தார், விடியற்காலை மூன்று மணிக்கு வயிறு எப்படி விறைத்தது, காலையில் திறந்து பார்த்தபோது உள்ளே என்ன இருந்தது என்று ஒரே ஆளாக உடன் நின்று பார்த்தால்தான் நோயின் போக்கு தெரியும். எட்டு மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் கதையின் நடுப்பக்கம் மட்டும்தான் கிடைக்கும். தம்பி, உடம்பை அதற்குத் தயார் செய்யுங்கள்.

தாழைமடல் | திங்கள், இரவு 11.05

வணக்கம் சார். நோயின் போக்கைக் கூட நின்று பார்ப்பது பற்றி நீங்கள் சொன்னது உண்மை. நானும் அப்படித்தான் கற்றேன். ஆனால் உடம்பைத் தயார் செய்யலாம் என்பதை ஏற்க முடியவில்லை. தூக்கமின்மைக்கு உடம்பு பழகுவதில்லை, பழகிவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான். 1997இல் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்குகிறது. 24 மணி நேரத்தில் 0.10 அளவுக்கு. குடித்துவிட்டு வார்டுக்கு வந்தால் நீங்களே வெளியே அனுப்புவீர்கள்.

1984இல் நியூயார்க்கில் லிபி ஜயான் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். அவரைப் பார்த்துக்கொண்ட பயிற்சி மருத்துவர்கள் நீண்ட டியூட்டியில் இருந்தவர்கள். அவர் தந்தை விடாமல் போராடியதால்தான் அந்த மாநிலத்தில் நேர வரம்பு வந்தது. 2003இல் அமெரிக்கா முழுக்க வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். 2004இல் வந்த ஓர் ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் பழைய முறைப்படி நீண்ட டியூட்டி பார்த்த இன்டர்ன்கள், அதாவது முதல் ஆண்டுப் பயிற்சி மருத்துவர்கள், குறைந்த நேர முறையில் வேலை செய்தபோது செய்ததைவிட 36 விழுக்காடு அதிகமாகக் கடுமையான பிழைகள் செய்திருந்தார்கள்.

தம்பிக்கு: 24 மணி நேர டியூட்டி முடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். அமெரிக்க இன்டர்ன்களிடம் எடுத்த கணக்கில், அப்படி ஓட்டிப்போகும்போது விபத்துக்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். நைட் டியூட்டி முடித்து யாராவது கூட்டிப்போக ஏற்பாடு செய்யுங்கள், இல்லாவிட்டால் அங்கேயே ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

பழையகோட்டு | செவ்வாய், காலை 7.00

அம்மா, நீங்கள் சொன்ன கணக்குகளை மறுக்க எனக்கு வழியில்லை. என்னோடு படித்த ஒருவர் நைட் டியூட்டி முடித்துத் திரும்பும்போது சாலையில் போய்விட்டார். அதை அன்று நாங்கள் விதி என்றோம்.

ஆனால் ஒன்று. நேரத்தைக் குறைத்தால் நோயாளி ஒரு நாளில் மூன்று கை மாறுகிறார். கை மாறும்போது தகவல் சிந்திப்போகிறது. "அந்த ஏழாம் படுக்கைக்கு ஒரு ரிப்போர்ட் வர வேண்டியிருக்கிறது" என்று சொல்ல மறந்துபோனால் அந்த ரிப்போர்ட்டை யாரும் பார்க்க மாட்டார்கள். அதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்காமல் மணி நேரத்தை மட்டும் வெட்டுவது ஆபத்து.

தாழைமடல் | செவ்வாய், காலை 7.25

அதை முழுமையாக ஏற்கிறேன் சார். ஒப்படைப்பதற்கென்றே ஒரு வரிசை வைத்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நோயாளி எவ்வளவு மோசமாக இருக்கிறார், சுருக்கம், செய்ய வேண்டிய வேலைகள், இரவில் இப்படி ஆனால் இதைச் செய், கடைசியாகக் கேட்டவர் திரும்பச் சொல்லிக் காட்ட வேண்டும். ஒன்பது மருத்துவமனைகளில் செய்து 2014இல் வெளியிட்டார்கள். மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்தன. எங்கள் யூனிட்டில் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமானது. திரும்பச் சொல்லச் சொன்னால்தான் எதைக் கேட்காமல் விட்டோம் என்று தெரிகிறது.

இரவுமணி | செவ்வாய், இரவு 9.30

நான் ஹவுஸ் சர்ஜன், படிப்பின் கடைசியில் வரும் மருத்துவமனைப் பயிற்சியில் இருக்கிறேன், எட்டு மாதம் ஆகிறது. இந்த இழையைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூன்றாவது மாதம். இரவு இரண்டரை மணி. வயதானவர் ஒருவர் குழப்பத்தில் கையில் இருந்த ஊசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சீனியரிடம் போனில் கேட்டுவிட்டு, அவரை அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் என்ற மருந்தை அரை மில்லிகிராம் எழுதினேன். எப்படி எழுதினேன் தெரியுமா? வெறும் புள்ளி, அப்புறம் ஐந்து. முன்னால் பூஜ்யம் போடவில்லை. அந்தப் புள்ளியும் தாளின் கோட்டில் விழுந்து மறைந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து நர்ஸ் அக்கா என்னிடம் நடந்து வந்து, "டாக்டர், இது ஐந்தா, அரையா?" என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஐந்து மில்லிகிராம் என்றால் பத்து மடங்கு.

0.5 என்று எழுத வேண்டும். முழு எண் என்றால் 5.0 என்று எழுதக் கூடாது, வெறும் 5. இந்த விதி எனக்குத் தெரியும், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். இரவு இரண்டரைக்குக் கை வேறு மாதிரி எழுதிவிட்டது.

நான் சொல்ல வந்தது அடுத்து நடந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. காலையில் யூனிட் சீஃபிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ரவுண்ட்ஸில் என் பெயர் சொல்லாமல் எல்லோருக்கும் எழுதிக் காட்டினார். அந்தத் தாளில் அச்சடித்த கோடுகளை மாற்றச் சொல்லிக் கடிதம் போட்டார். எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். வேறொரு யூனிட்டில் இதைவிடச் சின்னப் பிழைக்கு எல்லோர் முன்னாலும் என் தோழியை அழ வைத்தார்கள். அதற்குப் பிறகு அங்கே யாரும் எதையும் சொல்வதில்லை. பிழைகள் அங்கே குறைந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000இல் ஒரு கட்டுரையில் பிழை செய்த மருத்துவரை "இரண்டாவது பாதிப்பாளர்" என்று எழுதினார். முதல் பாதிப்பு எப்போதும் நோயாளிக்குத்தான். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு இரண்டு வாரம் நான் தூங்கவில்லை என்பதும் உண்மை. தம்பி, நர்ஸ்களை மதியுங்கள். முதல் நாளே பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அன்று அவர் என்னிடம் கேட்கத் தயங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைத்துப் பார்க்கிறேன்.

புதுஇலை | செவ்வாய், இரவு 10.10

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். இன்று அப்பா அம்மாவிடம் பேசிவிட்டேன். அம்மா கொஞ்சம் பயந்தார். அப்பா சரி என்றார். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். நான் பார்க்கும் நோயாளி இறந்துபோனால் என்ன செய்வது? இதற்குத்தான் எனக்கு ரொம்பப் பயம்.

தாழைமடல் | புதன், அதிகாலை 5.50

இப்போதுதான் டியூட்டி முடிந்தது. இதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டுத் தூங்குகிறேன்.

பி.ஜி. முதல் மாதத்தில் ஒரு பெரியவர் இறந்தார். வெளியே அவர் மகன் நின்றிருந்தார். எனக்கு "இறந்துவிட்டார்" என்ற சொல் வாயில் வரவில்லை. "எங்களால் முடிந்தவரை பார்த்தோம், காப்பாற்ற முடியவில்லை" என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு கேட்டார்: "சரிங்க டாக்டர், வேறு எங்கே கொண்டுபோகலாம்?"

அவர் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. அந்த முகத்தை நான் மறக்கவே இல்லை. நம் மொழியில் சாவுக்கு எத்தனை மென்மையான சொற்கள்: தவறிவிட்டார், போய்விட்டார், காலமானார். நல்ல சொற்கள்தான். ஆனால் அந்த வாசலில் நிற்பவருக்கு எதுவும் காதில் விழாது. உட்கார வையுங்கள். அவருக்கு இதுவரை என்ன தெரியும் என்று கேளுங்கள். "கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது" என்று ஒரு வாக்கியம் சொல்லி ஒரு மூச்சு விடுங்கள். பிறகு "உங்கள் அப்பா இறந்துவிட்டார்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, பேசாமல் கூட இருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப மருத்துவ விளக்கம் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள், அவர் கேட்கும்போது சொன்னால் போதும்.

அன்று இரவு உங்களுக்கு அழுகை வந்தால் அழுங்கள். வராவிட்டாலும் உங்கள் மனதில் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். யாரிடமாவது அந்த நோயாளியைப் பற்றிப் பேசுங்கள், பெயர் சொல்லாமல்.

பழையகோட்டு | புதன், காலை 8.15

முப்பது வருடத்தில் இதை எனக்கு யாரும் இப்படி உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. நன்றி அம்மா.

புதுஇலை | ஐந்து மாதம் கழித்து, சனி, இரவு 8.05

எல்லோருக்கும் மீண்டும் வணக்கம். தடுப்பூசி இரண்டு டோஸ் ஆகிவிட்டது, மூன்றாவது அடுத்த மாதம். டிசெக்‌ஷன் ஹாலில் முதல் நாள் தரையில் உட்கார்ந்தேன், சொல்லிவிட்டுத்தான். பயோகெமிஸ்ட்ரி முதல் தேர்வில் தோற்றேன். அன்றைக்கே வீட்டில் சொன்னேன். வைவாவில் ஒரு கேள்விக்கு "தெரியவில்லை மேடம்" என்றேன், அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவ்வளவுதானா என்று இருந்தது.

இப்போது வந்தது வேறு விஷயத்துக்கு. என் மேசையில் என்னோடு இருந்த நண்பன் ஒன்பது நாளாக வகுப்புக்கு வரவில்லை. போன் செய்தால் "காய்ச்சல், சரியாகிவிடும்" என்கிறான். பகலில் தூங்குகிறான், இரவு முழுக்க விளக்கு எரிகிறது. மழைக்கால் அண்ணா எழுதியது ஞாபகம் வந்தது. என்ன செய்வது?

மழைக்கால் | சனி, இரவு 8.12

போன் வேண்டாம். இப்போதே நேரில் போங்கள். சாப்பிட ஏதாவது எடுத்துப்போங்கள். தேர்வைப் பற்றிப் பேசாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள். "ஒன்பது நாளாக உன்னைப் பார்க்கவில்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள், உடனே விடுதிக் காப்பாளரையோ அவசரப் பிரிவையோ அழையுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் கேட்டால் கொடுக்காதீர்கள். இல்லை என்றால் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப்போகிறேன் என்று சொல்லுங்கள். தனியாகப் போ என்றால் போக மாட்டான். நான் போகவில்லை.

புதுஇலை | சனி, இரவு 8.14

கிளம்பிவிட்டேன்.

மழைக்கால் | சனி, இரவு 10.50

தம்பி, என்ன ஆயிற்று? நான் தூங்காமல்தான் இருக்கிறேன்.

புதுஇலை | சனி, இரவு 11.40

மூன்றாவது தடவை தட்டியதும் திறந்தான். சாப்பிட்டான். கேட்டேன் அண்ணா. அந்த எண்ணம் இல்லை என்றான், பிறகு ரொம்ப நேரம் அழுதான். இன்று அவன் அறையிலேயே படுத்துக்கொள்கிறேன். காப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். திங்கள் காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் போகிறோம்.